ஒரு காலத்தில் பருத்தியால் கொழித்த மிசிசிப்பி இன்று ஏன் அமெரிக்காவின் ஏழை மாநிலங்களில் ஒன்றாக இருக்கிறது?

மண்ணைக் குறை சொல்ல முடியாது. மிசிசிப்பி டெல்டா அருமையான வண்டல் பூமி. சம்பாதித்ததை எதில் போட்டார்கள் என்று பார்த்தால் விஷயம் புரியும்.

1793-இல் ஈலை விட்னி பருத்திக் கொட்டையைப் பிரிக்கும் ஜின் எந்திரத்தைச் செய்தார். அதுவரை கட்டுப்படியாகாத குட்டை இழைப் பருத்தி லாபப் பயிரானது. ஆனால் பறிப்பதற்குக் கைதான் வேண்டும். எந்திரம் வந்து அடிமைமுறை பெருத்ததுதான் மிச்சம். 1808-இல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத் தடை வந்தது. உடனே வர்ஜீனியா பக்கம் இருந்தவர்களை விலைக்கு வாங்கித் தெற்கே ஓட்டினார்கள். இப்படி உள்நாட்டுக்குள்ளேயே பெயர்க்கப்பட்டவர்கள் சுமார் 10 லட்சம் பேர். 1860 கணக்கெடுப்பில் மிசிசிப்பியின் 7.91 லட்சம் மக்களில் 4.37 லட்சம் பேர் அடிமைகள்.

முதலாளிகள் அவர்களை அடகு வைத்தே கடன் வாங்கினார்கள்; லாபம் வந்தால் இன்னும் நிலம், இன்னும் ஆட்கள். துணி நெய்து பிழைத்தது இங்கிலாந்தின் லங்காஷயரும் அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்தும். (அமெரிக்க உள்நாட்டுப் போரில் இந்தப் பருத்தி நின்றதும் நம் திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கு விலை ஏறியது தனிக்கதை.)

1865-இல் விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. பழைய முதலாளியிடமே, விளைச்சலில் பங்கு கொடுப்பதாக, வாரத்துக்கு உழுதார்கள். விதை, கோவேறு கழுதை, உப்புப் பன்றிக்கறி, சோள மாவு எல்லாம் பண்ணைக் கடையில் பற்று. அறுவடை முடிந்ததும் கணக்கு தீர்ப்பார்கள். எடை போடுவது, விலை வைப்பது, வட்டி எழுதுவது எல்லாம் முதலாளி. கணக்கு தப்பு என்று வாய் திறந்தால் உயிருக்கே உத்தரவாதமில்லை. விளைச்சலில் பாதி போய், பற்றும் கழிந்தபின் பலருக்கு மிஞ்சியது அடுத்த ஆண்டுக்கான கடன்தான். ஓட்டுப் போட்டு மாற்றலாம் என்றால், மிசிசிப்பி மாநிலத்தின் 1890 அரசியலமைப்பு தலைவரியையும் எழுத்தறிவுத் தேர்வையும் வைத்து அந்த வழியை அடைத்தது. 1962-இல்கூட, வாக்காளராகப் பதியப் போன ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண்ணை 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அன்றைக்கே வெளியேற்றினார்கள்.

அப்புறம் பறிக்கும் எந்திரமும் வந்தது. 1944-இல் கிளார்க்ஸ்டேல் அருகே ஹாப்சன் பண்ணையில் ஓடிய எந்திரம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 பேர் வேலையைச் செய்தது. அத்தனை காலம் ஊரை விட்டுப் போகாமல் பிடித்து வைத்திருந்தவர்கள் திடீரென்று வேண்டாதவர்களானார்கள். ஏற்கெனவே சிகாகோவுக்கு ரயிலேறிக்கொண்டிருந்தவர்களோடு இன்னும் பலர் சேர்ந்தார்கள். தங்கியவர்களுக்குப் பருத்தியை விட்டால் வேறு வேலை இல்லை. ஆலைகளைத்தான் யாரும் கட்டவில்லையே.