இரு திசையிலும் சரிபார்த்தல் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

சார்புகளின் சேர்ப்பு, அதாவது ஒரு சார்பின் விடையை அடுத்த சார்புக்குக் கொடுப்பது, எனக்குப் புரிகிறது. விடையிலிருந்து தொடங்கிய எண்ணுக்கே திரும்பக் கொண்டுவரும் நேர்மாறுச் சார்பு காண்பதில்தான் தடுமாறுகிறேன். எல்லா மெய்யெண்களுக்கும் வரையறுக்கப்பட்ட த(ப) = (ப − 2)² + 1 என்ற சார்புக்கு, சமன்பாட்டைத் தீர்த்தபோது 2 + √(ப − 1), 2 − √(ப − 1) என்று இரண்டு விடைகள் வந்தன. முதல் விடையைத் த-வில் இட்டேன், ப கிடைத்தது. அதையே நேர்மாறு என்று எழுதினேன். தவறு என்று திருத்தப்பட்டது. இரண்டாவதை இட்டாலும் ப-தான் வருகிறது. எங்கே பிழை?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

விடையை இட்டுப் பார்த்தது நல்ல பழக்கம். அதை ஒரு திசையில் மட்டும் செய்ததில்தான் சிக்கல். சேர்ப்பில் வரிசையை மாற்றினால் விடை பொதுவாக மாறிவிடும். க(ப) = 2ப + 3, ச(ப) = ப² என்று கொள்வோம். 1-ஐ முதலில் ச-வுக்கும் பிறகு க-வுக்கும் கொடுத்தால் 5 வரும். முதலில் க-வுக்குக் கொடுத்தால் 25 வரும். ஆகவே நேர்மாறு என்று ஒன்றைச் சொல்வதற்கு, அதை த-வுக்கு முன்னும் பின்னும் வைத்து, இரண்டு சேர்ப்புகளும் சமனிச் சார்பாகின்றனவா, அதாவது கொடுத்த எண்ணையே திருப்பித் தருகின்றனவா என்று பார்த்தாக வேண்டும்.

நீங்கள் பார்க்காமல் விட்ட திசையை இப்போது பார்ப்போம். முதலில் த, பிறகு உங்கள் முதல் விடை என்று எடுத்துக்கொண்டால், 2 + √((ப − 2)²) என்று வரும். இதை அவசரத்தில் ப என்று சுருக்கிவிடத் தோன்றும். ஆனால் ஓர் எண்ணின் வர்க்கத்தின் வர்க்கமூலம் அந்த எண்ணே அல்ல, அதன் மட்டு மதிப்பு, அதாவது குறியை விட்டுவிட்ட அளவு. எனவே கிடைப்பது 2 + |ப − 2|. ப = 5 எனில் 5 வருகிறது, சரி. ப = −1 எனில் அப்போதும் 5-தான் வருகிறது. த(5), த(−1) இரண்டும் 10 என்பதால், 10-ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு அது எங்கிருந்து வந்தது என்று எந்தச் சூத்திரத்தாலும் சொல்ல முடியாது. வெவ்வேறு எண்களுக்கு ஒரே விடை வருவதால், த ஒன்றுக்கு ஒன்று சார்பு அல்ல. அதற்கு நேர்மாறு இல்லை என்பதே உங்கள் வினாவுக்குச் சரியான விடை.

மதிப்பகத்தை (சார்புக்குக் கொடுக்கக்கூடிய எண்களை) ப ≥ 2 என்றும் துணை மதிப்பகத்தை (விடைகள் அமையும் கணத்தை) 1-உம் அதற்கு மேற்பட்ட எண்களும் என்றும் குறுக்கினால் நிலைமை மாறிவிடும்: அப்போது |ப − 2| என்பது ப − 2 ஆகிவிடுவதால், 2 + √(ப − 1) உண்மையாகவே நேர்மாறாகிறது. மதிப்பகத்தை ப ≤ 2 என்று எடுத்தால் இரண்டாவது விடை அந்த இடத்துக்கு வரும். உங்களுக்குக் கிடைத்த இரண்டு விடைகளும் வெவ்வேறு இரண்டு சார்புகளுக்கு உரியவை. மதிப்பகத்தைச் சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் எழுதிச் சார்பு என்று அழைக்கும் வழக்கமே இந்தக் குழப்பத்துக்கு முதற்காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சேர்ப்பின் நேர்மாறைக் காணும்போதும் வரிசையைக் கவனியுங்கள். க-வில் முதலில் 2-ஆல் பெருக்கிப் பிறகு 3-ஐக் கூட்டினோம்; திரும்பி வரும்போது கடைசியில் செய்ததை முதலில் நீக்க வேண்டும் என்பதால், 3-ஐக் கழித்துப் பிறகு 2-ஆல் வகுக்கிறோம். 5 அப்படித்தான் 1-க்குத் திரும்புகிறது; முதலில் வகுத்துப் பிறகு கழித்தால் −1/2 வந்து நிற்கும்.

இதே நிலைமையை முக்கோணவியலிலும் சந்திப்பீர்கள். 150 பாகையின் சைன் மதிப்பு 1/2. ஆனால் கால்குலேட்டரில் 1/2-இன் நேர்மாறு சைனைக் கேட்டால் 30 பாகை என்றே காட்டும். சைன் சார்பின் மதிப்பகத்தை −90 முதல் 90 பாகை வரை குறுக்கிய பிறகே அதற்கு நேர்மாறு வரையறுக்கப்பட்டிருக்கிறது. 150 அந்த இடைவெளிக்கு வெளியே இருக்கிறது.