பிளேஸ்டேஷன் விஆர் 2: வாங்கும் முன் ஓர் அரை மணி நேரம்

கேள்வி: என்னிடம் சோனியின் பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுக் கன்சோல் இருக்கிறது. அதனுடன் இணைத்து, கண்களை மூடி அணிந்துகொண்டு விளையாட்டின் உலகத்துக்குள்ளேயே இருப்பதுபோல் விளையாடும் விஆர் 2 (விஆர் என்றால் மெய்நிகர் உண்மை) ஹெட்செட்டை வாங்குவதற்காக ஓராண்டாகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். நான் பார்வைக் கண்ணாடி அணிபவன். ஓடும் பேருந்தில் எதையாவது படித்தால் குமட்டும். ஒன்பது வயது மகன் தானும் அணிந்து விளையாட வேண்டும் என்று இப்போதே கேட்கிறான். "பத்து நாள் விளையாடிவிட்டுப் பரணில் ஏற்றிவிடுவீர்கள்" என்கிறார் மனைவி. வாங்கலாமா, வேண்டாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, பேருந்தில் குமட்டும் என்பதைப் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்த வரியில்தான் இருக்கிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பேருந்தில் படிக்கும்போது கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது, உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்போ உடல் அசைவதை உணர்கிறது. விஆர் ஹெட்செட்டுக்குள் இது தலைகீழாக நடக்கிறது: கண்ணுக்கு நீங்கள் ஓடுகிறீர்கள், காதுக்கு நீங்கள் சோபாவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டும் ஒத்துப்போகாதபோது மூளை குழம்புகிறது. தலைசுற்றலும் குமட்டலும் அதன் விளைவுகள். பயணத்தில் குமட்டல் வருபவர்கள் எல்லோருக்கும் விஆரில் வந்தே தீரும் என்று சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர். நான் முதன்முறை அணிந்தபோது, கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளித் தள்ளி நடக்கும் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் பின்கழுத்து சில்லென்று வியர்த்தது. இன்னும் ஒரு கதவைத் திறந்து பார்த்துவிடலாம் என்று தொடர்ந்ததால், அன்று மாலை முழுவதும் படுத்துக் கிடக்க வேண்டியதாயிற்று. அதே கருவியில், நின்ற இடத்திலேயே நின்று கைகளை வீசி ஆடும் விளையாட்டுகளை முக்கால் மணி நேரம் ஆடியும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே கண் பார்ப்பதும் உடல் செய்வதும் ஒன்றாக இருப்பதே காரணம்.

எனவே "எனக்கு விஆர் ஒத்துக்கொள்ளுமா" என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்த வகை விளையாட்டு ஒத்துக்கொள்ளும் என்று பார்ப்பது சரியாக இருக்கும். பல விளையாட்டுகளில் இதற்கென்றே அமைப்புகள் உண்டு: நடப்பதற்குப் பதிலாகக் குறித்த இடத்துக்குச் சட்டென்று தாவுவது, தொடர்ச்சியாகச் சுழலாமல் ஒரேயடியாகச் சில பாகைகள் துள்ளித் திரும்புவது, நகரும்போது காட்சியின் ஓரங்களை இருட்டாக்குவது. தொடக்கத்தில் இவை எல்லாவற்றையும் இயக்கி வைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாமல் ஆடிப் பாருங்கள். வாயில் எச்சில் ஊறினாலோ நெற்றி வியர்த்தாலோ அந்த நொடியிலேயே கழற்றிவிடுங்கள். பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. குறுகிய நேரம், இடைவெளி விட்டு விட்டு அணிந்தால் பலருக்கு மெல்லப் பழகுகிறது. சிலருக்குக் கடைசி வரை பழகுவதே இல்லை.

இனி, பணம் சேர்த்து வைக்கும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் வந்த முதல் பிளேஸ்டேஷன் விஆரில் 1920 x 1080 பிக்சல் கொண்ட ஒரே திரையை இரண்டு கண்களும் பங்கு போட்டுக்கொண்டன. தலையின் அசைவை அறிய டிவிக்கு அருகே தனியாக ஒரு கேமரா வைக்க வேண்டியிருந்தது. இடையில் ஒரு பெட்டியும் அதிலிருந்து கிளம்பும் கேபிள்களும் வேறு. 2023 பிப்ரவரி 22 அன்று வெளியான விஆர் 2-இல் ஒவ்வொரு கண்ணுக்கும் 2000 x 2040 பிக்சல் கொண்ட ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) திரை, ஏறத்தாழ 110 பாகை அகலக் காட்சி, வெளிக் கேமராவுக்குப் பதிலாக ஹெட்செட்டிலேயே நான்கு கேமராக்கள், கன்சோலுடன் இணைக்க ஒரே ஒரு கேபிள். உள்ளே இருக்கும் சிறு கேமராக்கள் உங்கள் கருவிழி எங்கே திரும்புகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. நம் கண் நேராகப் பார்க்கும் சிறிய பகுதியை மட்டுமே கூர்மையாகக் காண்பதால், அந்தப் பகுதியை மட்டும் முழு நுணுக்கத்துடன் வரைந்து, மற்றதைக் கன்சோல் சற்றே எளிமையாக வரைந்துகொள்ள முடிகிறது.

இதன் பயனைக் கார் பந்தயத்தில்தான் முழுமையாக உணர்ந்தேன். கிரான் டூரிஸ்மோ 7 என்ற பந்தய விளையாட்டை வைத்திருப்பவர்களுக்கு விஆர் வசதி இலவசப் புதுப்பிப்பாகவே கிடைத்தது. டிவியில் ஒரு வளைவு என்பது திரையில் வளைந்து செல்லும் கோடு. ஹெட்செட்டுக்குள் அது சரிவும் ஆழமும் உள்ள சாலை. வளைவு முடியும் இடத்தை நோக்கித் தலை தானாகத் திரும்புகிறது, பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் காரைப் பார்க்கக் கழுத்தைச் சாய்க்கிறோம், பிரேக்கை எங்கே அழுத்த வேண்டும் என்பதை யாரும் சொல்லாமலே உடல் கணிக்கிறது. வில்லை இழுக்கும் விளையாட்டில் கன்ட்ரோலரின் விசை நாண் இறுகுவதுபோல் விரலை எதிர்த்துத் தள்ளும். ஹெட்செட்டும் நெற்றியில் மெல்ல அதிரும். இந்த அனுபவத்தை எவ்வளவு பெரிய டிவியும் தராது என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

குறைகளும் சிறியவை அல்ல. ஹெட்செட்டிலிருந்து கன்சோல் வரை 4.5 மீட்டர் கேபிள் எப்போதும் தொங்கும். இரண்டு முறை ஒரே பக்கமாகத் திரும்பினால் அது முழங்காலைச் சுற்றிக்கொண்டு, நீங்கள் எந்த உலகத்தில் இருந்தாலும் அறைக்கே இழுத்து வந்துவிடும். லென்ஸின் நடுப்பகுதி மட்டுமே கூர்மையாகத் தெரியும் என்பதால், ஹெட்செட்டை மூக்கின் மேல் ஏற்றியும் இறக்கியும் சரியான இடத்தைப் பிடித்து, பின்பக்கத் திருகை இறுக்கிக்கொள்வதற்கு முதல் சில நாட்கள் பொறுமை வேண்டும். இருண்ட காட்சிகளில் கறுப்பு ஆழமாக இருந்தாலும், அதன் மேல் மெல்லிய துணித் திரை போட்டதுபோல் ஒரு மணற்புள்ளித் தோற்றம் தெரிகிறது.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது விளையாட்டுகளின் எண்ணிக்கை. முதல் விஆருக்காக வாங்கிய விளையாட்டுகள், அவற்றை உருவாக்கியவர்கள் புதிதாக மாற்றிக் கொடுத்தாலொழிய இதில் ஓடாது. இந்தக் கருவிக்கென்றே பெரும் பொருட்செலவில் வரும் புதிய விளையாட்டுகள் அரிது. விஆர் விளையாட்டுகளை உருவாக்கிய சோனியின் சொந்த லண்டன் ஸ்டுடியோவே 2024-இல் மூடப்பட்டுவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் ஒரு தனி அடாப்டர் வாங்கி, இதைக் கணினியுடன் இணைத்து அங்குள்ள விஆர் விளையாட்டுகளையும் ஆட முடிகிறது. ஆனால் அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி வேண்டும். கண்ணசைவைக் கவனிப்பது, ஹெட்செட் அதிர்வது, விசைகள் எதிர்த்துத் தள்ளுவது ஆகியவை அங்கே கிடைக்காது. கேபிளே வேண்டாம் என்றால் கன்சோல் இல்லாமல் தானாக இயங்கும் ஹெட்செட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கு விளையாட்டுகளும் அதிகம், ஆனால் உள்ளிருக்கும் கைபேசி வகைச் சிப்பால் பிளேஸ்டேஷன் 5 அளவுக்கு நுணுக்கமாகக் காட்சியை வரைய முடியாது.

கண்ணாடியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முன்பகுதியை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி இருப்பதால், மிக அகலமான சட்டமாக இல்லாவிட்டால் கண்ணாடியோடே அணியலாம். கண்ணாடி ஹெட்செட்டின் லென்ஸில் உரசிக் கீறல் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பவருக்கு ஏற்பச் செய்து உள்ளே பொருத்திக்கொள்ளும் லென்ஸ்களும் கிடைக்கின்றன.

மகனுக்கு வேண்டாம். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று தயாரித்த சோனியே சொல்கிறது. வளரும் கண்களுக்கு இடையிலான தூரம் பெரியவர்களுடையதைவிடக் குறைவு. கருவி பெரியவர்களின் முகத்துக்காகச் செய்யப்பட்டது. ஐந்து நிமிடம்தானே என்று ஒருமுறை இளகினால் அடுத்த முறை மறுப்பது கடினம். நீங்கள் உள்ளே காண்பது டிவியிலும் தெரியும் என்பதால், அவன் அருகில் உட்கார்ந்து வழிகாட்டட்டும்.

மனைவி சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். இது பரணுக்குப் போவதற்குச் சலிப்பு மட்டும் காரணமாக இருப்பதில்லை; ஒவ்வொரு முறையும் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடத்தை ஒழித்து, மேசையை நகர்த்தி, கேபிளை விரித்து, முகத்தில் மாட்டிக்கொண்டு வீட்டாரிடமிருந்து விலக வேண்டியிருக்கிறது. களைத்துப்போய் வீடு திரும்பும் மாலைகளில் சாதாரணக் கன்ட்ரோலரே கைக்கு எட்டும். உட்கார்ந்தே ஆடும் பந்தய விளையாட்டுகளில் உங்களுக்கு உண்மையான ஆசை இருந்து, அவை குமட்டலைக் கிளப்பாமலும் இருந்தால், அந்த ஒன்றுக்காகவே இது ஆண்டுக்கணக்கில் பயன்படும். இல்லையென்றால் இப்போதைக்கு வாங்காதீர்கள் என்பதே என் பதில். எப்படியிருந்தாலும், வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, பாதி நேரம் நின்ற இடத்தில் ஆடும் விளையாட்டு, மீதி நேரம் பந்தயம் என்று ஆடிப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

வாங்கினால் ஒன்றை மறக்க வேண்டாம்: லென்ஸ் மேல்நோக்கி இருக்கும்படி ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பூதக்கண்ணாடி காகிதத்தைக் கருக்குவதுபோல் அந்த லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும். அப்படி விழும் தழும்பை எதனாலும் நீக்க முடியாது.