கோத்தகிரிக்கு வந்திருக்கும் மகளுக்கு

இலங்கை மலையகத்துக் கொட்டகலையிலிருந்து கல்யாணமாகி கோத்தகிரிக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, கையால் உருட்டிய தேயிலை செய்து விற்கப்போகிறேன், எல்லோரும் பைத்தியம் என்கிறார்கள், ரேஷன் கார்டு எப்படி எடுப்பது என்றும் கேட்டிருக்கிறாய். கார்டை உன் மாமனார் பார்த்துக்கொள்வார். நான் பைத்தியத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

1974இல் அப்பாவோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, இந்த நீலகிரி மலைக்கு வந்தேன். அங்கே கள்ளத்தோணி, இங்கே சிலோன்காரன். இந்த மலைக்காரர்களான படகர் பேச்சைக் கற்றுக்கொண்டேன். இன்று பக்கத்து ஹட்டியில், அதாவது படகர் ஊரில், எனக்குச் சொல்லாமல் ஒரு விசேஷம் நடக்காது.

பகலில் தோட்ட வேலை. ராத்திரி கொழுந்தை வாடவைத்து, கையால் உருட்டி, ஈரத்துணி மூடி, பக்கத்திலேயே படுப்பேன். பச்சை வாடை போய்ப் பழ வாசம் எழுகிற நேரம் தப்பினால் எல்லாம் போச்சு. நாலரை கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைதான். ஒரு மழைக்காலத்தில் நாற்பது கிலோவும் பூசணம் பிடித்தது. கணக்குப் பார்க்கிறவன் அன்றைக்கே விட்டிருப்பான். நான் விடவில்லை. அந்தப் பிடிவாதம் இல்லாதவர்கள் இதில் இறங்கவே வேண்டாம்.

ஆனால் மச்சானிடமும் கடன் வாங்கியிருந்தேன். அவர் மகள் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. பூசணம் பிடித்ததை மறந்துவிட்டேன், அதை மறக்க முடியவில்லை. உன் தூக்கமும் உன் காசும் போகட்டும், மாமியார் வீட்டு நகையைத் தொடாதே. நம்ம ஆட்களில் ஒருத்தன் கேரட்டில் காசு பார்த்தால் பத்துப் பேர் கடன் வாங்கிக் கேரட் போடுவார்கள். அதைத் துணிச்சல் என்று நான் சொல்லமாட்டேன்.

அப்புறம், நம்ம சிலோனில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவைத்த வெள்ளைக்காரர் ஜேம்ஸ் டெய்லரை நினைத்துப் பார். எல்லோரும் கோப்பி போட்ட காலத்தில், 1867இல், கண்டிப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் தேயிலை நட்டு, பங்களா வராந்தாவில் கையால் உருட்டினார். இலைநோய் வந்து கோப்பியை அழிக்காமல் இருந்திருந்தால் அவரையும் பைத்தியம் என்றே சொல்லியிருப்பார்கள். காசு பார்த்தது 1890இல் வந்து தோட்டம் வாங்கிய லிப்டன். லிப்டனுக்கு இருந்தது விற்பனைப் பைத்தியம். டெய்லர் 1892இல் அந்தத் தோட்டத்திலேயே செத்தார். அதனால் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் வாங்குகிற கடையைப் பிடி. குன்னூர் ஏலத்துக்குப் போகிற, மெஷினில் நசுக்கிச் செய்கிற சிடிசித் தூளோடு விலையில் மோதாதே.

முதல் நல்ல ஈடு தேறியதும் அப்பாவுக்குத்தான் ஊற்றிக் கொடுத்தேன். அங்கே முப்பது வருஷம் கொழுந்து சுமந்தவர், தோட்டத்து லயன் வீட்டில் குடித்ததெல்லாம் கழிவுத் தூள். ஒரு மிடறு குடித்துவிட்டு, "இதையா நாம பறிச்சோம்?" என்று கேட்டார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.