வெள்ளமும் விராலும்: காவிரிப் படுகைத் தூண்டில்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

திருவையாற்று அன்பர்: மேட்டூரில் உபரி நீர் திறந்த நாள் முதல் ஆற்றில் ஒரு மீனும் இரை எடுப்பதில்லை. எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடுமா, ஐயா?

பெரும்பாலானவை போய்விடுவதில்லை; ஒதுங்கிக்கொள்கின்றன. ஓட்டத்தை எதிர்த்து நீந்துவது மீனுக்குப் பெரும் உழைப்பு என்பதால், அது கரையோர நாணலுக்குள்ளும், படித்துறையின் மறைவிலும், மதகுக்குக் கீழே சுழல் அடங்கிய மூலையிலும் நின்றுவிடுகிறது. நடு ஆற்றை விட்டு அந்த இடங்களில் தூண்டில் போடுங்கள். முக்கொம்பிலும் கல்லணையிலும் மிகுதி நீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவதால், கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடும் நாளிலேயே குடமுருட்டியும் வெண்ணாறும் அளவோடு ஓடுவது உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

மன்னார்குடி அன்பர்: ஆடி வெள்ளத்துக்கும் ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்துக்கும் மீன்பிடியில் வேறுபாடு உண்டா?

நிறைய உண்டு, இதைப் பிரித்துப் பார்க்காதவர்கள்தான் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்பது என் கருத்து. ஆடியில் வருவது மேற்கே பெய்த மழை. அது ஆற்றோடு வந்து ஆற்றோடு போகிறது. ஐப்பசிக்குப் பிறகு வருவதோ நம் தலைக்கு மேலேயே பெய்யும் வடகிழக்குப் பருவமழை. அப்போது குளமும் வயலும் வாய்க்காலும் ஒரே தண்ணீராகிவிடுவதால், குளத்து விராலும் குறவையும் வரப்பைத் தாண்டி வயலுக்குள் ஏறிவிடுகின்றன. மூழ்கிய பயிர் அழுகி நீரில் உயிர்வளி குறையும்போது கெண்டை திணறும். விராலோ மேலே வந்து ஒரு மிடறு காற்றை வாங்கிக்கொண்டு இறங்கிவிடும். வரப்போரம் அசையாமல் நின்று பாருங்கள். இரண்டு புல் தாள்கள் காற்றில்லாமல் ஆடும், ஒரு குமிழி வெடிக்கும். விரால் அங்கேதான் இருக்கிறது. ஆனால் உண்மையான வாய்ப்பு, மழை விட்டு வயல் வடியத் தொடங்கும்போது வருகிறது. இறங்கும் நீரோடு சிறு மீன்களும் தவளைகளும் வடிகாலுக்கு வந்து சேர, அந்த வாயில் விராலும் கெளுத்தியும் காத்து நிற்கும்.

கும்பகோணத்து அன்பர்: அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பவர்கள், நீர் ஏறினால் கரையையும் இறங்கினால் ஆழத்தையும் தேடச் சொல்கிறார்கள். நமக்கும் அது பொருந்துமா?

பாஸ் நம் ஆற்று மீன் அன்று என்றாலும், அந்த விதி விராலுக்கு ஏறத்தாழ அப்படியே பொருந்தும். இரண்டும் செடி மறைவில் பதுங்கிப் பாய்ந்து பிடிக்கும் மீன்கள். ஏறும் நீர் புதிய மறைவையும் புதிய இரையையும் தருவதால் அதன் பின்னாலேயே போகின்றன.

அணைக்கரை அன்பர்: கலங்கல் நீரில் ரப்பர் தவளை என்ற பொய் இரை பயன்படுமா?

முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். விரல் நகம் தெரியவில்லை என்றால் ரப்பர் தவளையை எடுத்து வைத்துவிட்டு, மண்புழு கோத்துக் கெளுத்திக்குப் போடுங்கள். அது மீசையால் தடவியும் வாசம் பிடித்தும் இரை தேடும் மீன். நீர் தெளியத் தொடங்கிய பிறகு தவளையை மெதுவாக, நிறுத்தி நிறுத்தி இழுக்கலாம்.

திருத்துறைப்பூண்டி அன்பர்: செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே தாய் விரால் நிற்கிறது. தூண்டில் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். குஞ்சுகள் கொதிப்பதுபோல் ஒரே இடத்தில் மேலே வந்து வந்து இறங்குவதையும், அடியில் கரிய முதுகு ஒன்று சுற்றி வருவதையும் நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் காவல் மீன் தன் பசிக்காகப் பாய்வதில்லை. குஞ்சைக் காக்கவே பாய்கிறது. அதைத் தூக்கிவிட்டால் கெண்டையும் கொக்கும் அந்தக் கூட்டத்தை விரைவில் தீர்த்துவிடும். குஞ்சுகள் கருத்துப் பிரிந்து போகும்வரை அந்த மூலையை விட்டுவிடுங்கள்.

லால்குடி அன்பர்: வெள்ளம் குறைந்ததும் கொள்ளிடத்தில் இறங்கி நின்று போடலாமா?

கூடாது. மணல் அள்ளிய குழிகள் கலங்கல் நீருக்கடியில் தெரிவதில்லை. முழங்கால் நீரில் நிற்பவர் அடுத்த அடியில் தலை மூழ்கிப் போகலாம். மேலே திறப்பு கூடினால் மட்டமும் சட்டென்று ஏறும். கரையிலேயே நின்று போடுங்கள். அந்த நேரத்து மீனும் கரையோரத்தில்தான் இருக்கும்.