பீரோவுக்குள் ஒரு காகிதம்

ஐயா, எனக்கு 71 வயது. ஏற்காட்டில் தனியாக இருக்கிறேன். கடைசிக் காலத்தில் வென்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதி, எனக்காகச் சம்மதம் சொல்ல மகன் பெயரையும் மகள் பெயரையும் போட்டு, பீரோவில் வைத்திருக்கிறேன். அவர்களிடம் சொல்லவில்லை. மனசு சங்கடப்படுவார்கள். பொங்கலுக்கு வருகிறார்கள். நோட்டரி கையெழுத்து போதுமா? இது கருணைக்கொலை ஆகாதா? பாவமில்லையா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை

டீச்சர்,

போதும். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை ஏற்றபோது மாஜிஸ்திரேட் கையெழுத்தும் கேட்டது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்திவிட்டார்கள். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்குங்கள். கருணைக்கொலை என்று சொல்லாதீர்கள். ஊசி போட்டு உயிரை எடுப்பது வேறு, மீளாத உடம்பை அதன் போக்கில் விடுவது வேறு. பாவக் கணக்கு எனக்குத் தெரியாது.

ஆனால் 'அவர்களிடம் சொல்லவில்லை' என்கிறீர்களே, அதைப் படித்ததிலிருந்து உங்கள் மேல் கோபமாக இருக்கிறது.

என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்தவர். ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து, "எனக்குக் குழாய் கிழாய் மாட்டி வைக்காதீங்கடா" என்றார். கேட்டது நான் மட்டும். 2012ல் விழுந்தார். ஐசியுவில் நான் அதைச் சொன்னதும் அண்ணன், "அப்பா அப்படிச் சொல்லவே மாட்டார், உனக்குச் செலவுதான் பெரிசு" என்றான். வாயை மூடிக்கொண்டேன். பதினொரு நாள். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். முடி மாதிரிக் கம்பியை வளைத்துப் பற்றவைத்த கை, டீச்சர். அண்ணனும் நானும் இன்றுவரை சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

அப்போது இந்தத் தீர்ப்பு இல்லை. இப்போது இருக்கிறது, நீங்கள் அதைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். நீங்கள் யார் பெயரைப் போட்டீர்களோ அவர்கள் கையில் நகல் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பே சொல்கிறது. குடும்ப டாக்டருக்கும் ஒன்று, உள்ளாட்சி அதிகாரிக்கும் ஒன்று. இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சொன்னாலும், நீங்கள் பெயர் குறித்தவர்கள் சம்மதிக்காமல் டாக்டர் குழாயை எடுக்கமாட்டார். அந்த இரண்டு பேருக்கும் விஷயமே தெரியாது! மலையிலிருந்து ஆம்புலன்ஸ் அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்து சேரும்போது, பீரோ சாவி யார் கையில் இருக்கும்? இத்தனை வருஷம் பாடம் நடத்தியவர், பெற்ற பிள்ளைகளிடம் சொல்ல மட்டும் ஏன் தயங்குகிறீர்கள்?

மாட்டுப்பொங்கல் அன்று சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரையும் உட்கார வையுங்கள். நீங்களே வாசித்துக் காட்டி, ஆளுக்கொரு நகல் கொடுங்கள். அழுவார்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அழுது தீர்க்கட்டும்.