கூலண்ட் ஹோஸ் கழண்டு இன்ஜின் போச்சு, ஒர்க்‌ஷாப் மேல கேஸ் போடலாமா?

கேள்வி: சர்வீஸ்ல வாட்டர் பம்ப்பும் ரேடியேட்டர் மேல் ஹோஸும் மாத்தினாங்க. மூணு வாரத்துல ஹைவேல ஹோஸ் கழண்டு கூலண்ட் (இன்ஜின் சூட்ட தணிக்கற திரவம்) மொத்தமும் போயிடுச்சு. டெம்பரேச்சர் முள் ஏறவே இல்ல சார், தட்டுற சத்தம் கேட்டுதான் ஓரம் கட்டினேன். இன்ஜின் மேல இருக்கற சிலிண்டர் ஹெட் சூட்டுல வளைஞ்சு போச்சாம். "மீட்டர பாக்காம ஓட்டினது உங்க தப்பு"ன்னு ஒர்க்‌ஷாப் கைய விரிக்குது, இன்சூரன்ஸும் கிடையாதுங்குது.

பதில்: கேஸ் போடலாம், ஆனா இன்ஜின அவங்களே பிரிச்சிட்டாங்களா? இன்னும் பிரிக்கலன்னா உடனே நிறுத்தச் சொல்லி எழுத்துல குடுங்க, வாட்ஸ்அப் மெசேஜ் ஆனாலும் சரி. ஸ்கேனர் போட்டு ஃபால்ட் கோட, அதாவது வண்டி கம்ப்யூட்டர் பதிஞ்சு வைக்கற கோளாறு குறியீட்ட, அழிக்கவும் விடாதீங்க. ஃபால்ட் கோடு பதிவாகியிருந்தா அந்த நேரத்து கூலண்ட் டெம்பரேச்சர், ஆர்பிஎம், வேகம் எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேம்னு ஈசியூல (அந்த கம்ப்யூட்டர்ல) இருக்கும், கோட அழிச்சா அதுவும் சேந்து போயிடும். வெளி மெக்கானிக் ஒருத்தர கூட்டிட்டு போய், ரெண்டு தரப்பும் இருக்கும்போது ஸ்கேன் எடுத்து பிரிண்ட் வாங்குங்க.

முள் ஏறலங்கறது நம்புற மாதிரி இல்லன்னு எதிர்தரப்பு சொல்லும், ஆனா நடக்கக்கூடியதுதான். டெம்பரேச்சர் சென்சார் கூலண்ட்ல முங்கி இருந்தாதான் சரியா காட்டும், கூலண்ட் போயிட்டா அது வெறும் காத்துலயும் ஆவியிலயும் நிக்கும், ஹெட் கொதிச்சாலும் முள் நார்மல்லயே இருக்கலாம். நிறைய கார்கள்ல முள்ள நடுவுலயே நிக்கற மாதிரிதான் செட் பண்ணியும் வெச்சிருக்காங்க. இத மெக்கானிக்கோ ஆட்டோமொபைல் இன்ஜினியரோ அஃபிடவிட்டா குடுத்தா "பாக்காம ஓட்டினீங்க"ங்கற வாதம் பாதி விழுந்துடும்.

ஒண்ணு ஒளிக்காம சொல்லுங்க, சிவப்பு லைட் எரிஞ்சும் ஓட்டினீங்களா? நஷ்டத்த குறைக்க வேண்டிய பொறுப்பு உங்களுக்கும் உண்டு. 120 டிகிரியிலயும் வண்டி வேகமா ஓடிட்டு இருந்ததா அதே ஃப்ரீஸ் ஃப்ரேம் டேட்டா காட்டுனா அது உங்களுக்கே எதிரா திரும்பும், நஷ்ட ஈட்ட குறைச்சிடுவாங்க. என்கிட்ட மறைச்சு பிரயோஜனமில்ல, நுகர்வோர் ஆணையத்துல எப்படியும் வெளிய வரும்.

கழண்ட ஹோஸ், அத இறுக்கிப் பிடிக்கற கிளாம்ப், பழைய பம்ப் எல்லாத்தையும் கேட்டு வாங்கி கவர்ல போட்டு தேதி எழுதி வைங்க. கிளாம்ப் சரியா முறுக்கலையா, ஹோஸ் கழுத்துக்கு ரொம்ப ஓரமா போட்டுட்டாங்களான்னு ரப்பர்ல பதிஞ்ச தடத்துலயே தெரியும், க்ளோசப்ல போட்டோ எடுங்க. உங்க கேஸே அந்த தடம்தான். சர்வீஸ் பில்லுல ஹோஸ் வேலை எழுதியிருக்கான்னும் பாருங்க, பில்லே தரலன்னா பணம் அனுப்பின ரசீதும் சாட்டும் ஓரளவு உதவும்.

இன்சூரன்ஸ்ல பெருசா நம்பிக்கை வைக்காதீங்க. மெக்கானிக்கல் பிரேக்டவுன், அதோட தொடர்ச்சியா வர்ற நஷ்டம் ரெண்டையும் சாதாரண பாலிசியிலயே விலக்கியிருப்பாங்க. இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தாலும் பெரும்பாலும் தண்ணி உள்ள போறதுக்கும் ஆயில் லீக்குக்கும்தான், கூலண்ட்டுன்னு வார்த்தை இருக்கான்னு படிச்சு பாருங்க.

ஒர்க்‌ஷாப் மேல சேவை குறைபாடுன்னு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துல போடலாம், சம்பவம் நடந்ததுல இருந்து 2 வருஷம் டைம். அதுக்கு முன்னாடி நோட்டீஸ் அனுப்புங்க. "பாதி செலவு நாங்க ஏத்துக்கறோம், இதுல ஒரு கையெழுத்து போடுங்க"ன்னு பேப்பர் நீட்டினா, முழு திருப்தி, இனி எதுவும் கேக்க மாட்டேன்னு அதுல ஒரு வரி இருக்கும், படிக்காம போட்டுடாதீங்க. மெக்கானிக் ரிப்போர்ட்டுலயும் "ஓவர்ஹீட் ஆச்சு"ன்னு மட்டும் இருந்தா பத்தாது, எதனால ஆச்சுன்னு எழுதி வாங்குங்க.