கிறிஸ்துமஸுக்கு வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் பெயர் போட்ட ஸ்டாக்கிங் (பரிசு போட்டுத் தொங்கவிடும் துணிக் காலுறை) நாமே தைத்துக் கொடுக்கலாமா, கடையில் வாங்குவதே மேலா? செலவு எவ்வளவு ஆகும்?

தைத்துக் கொடுங்கள். ஆனால் எல்லாருக்கும் தைக்காதீர்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன், மற்றதெல்லாம் என் சொந்தக் கதை. அவசரத்தில் இருப்பவர்கள் துணி அளவு சொல்லும் இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்திலேயே தெரிகிறது. வெளிநாட்டில் இருக்கிறீர்கள், இல்லாவிட்டால் மகனோ மகளோ அங்கே கல்யாணம் பண்ணியிருக்கிறார்கள், முதல் கிறிஸ்துமஸ் வருகிறது, வெறுங்கையோடு போய் நிற்கக் கூடாதே என்று தவிப்பு. நானும் அப்படித்தான் இருந்தேன். நம் ஊரில் யார் ஸ்டாக்கிங் தொங்கவிட்டார்கள்? நான் பாளையங்கோட்டைக்காரி. எங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் வாசலில் ஸ்டார் கட்டுவது, ராத்திரி வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்டு, புதுத்துணி, விடியுமுன் ஆராதனை, அப்புறம் தட்டு தட்டாக முறுக்கும் முந்திரிக்கொத்தும் அக்கம்பக்கத்துக்குப் போவது. ஆணியில் காலுறையை மாட்டி அதற்குள் சாமான் போடுவதைக் கிறிஸ்துமஸ் கார்டில் பார்த்ததோடு சரி.

"அது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கெதற்கு" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆமாம், அவர்கள் பழக்கம்தான். அவர்கள் வீட்டுக்குள் போகிறோம், அவர்கள் பழக்கத்தைத் தெரிந்துகொண்டு போகிறோம். நம் வீட்டுக்கு வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றினால் நமக்குச் சந்தோஷமாக இருக்கிறதா இல்லையா? அதோடு இதற்குப் பின்னால் அவர்கள் சொல்லும் கதை நமக்கு ரொம்பப் பழகியது. இன்று துருக்கியில் டெம்ரே என்று அழைக்கும் ஊர் அன்று மைரா. அங்கே பிஷப்பாக இருந்த நிக்கோலஸ், மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்கச் சீதனத்துக்கு வழியில்லாத ஒரு அப்பாவின் வீட்டுக்குள் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பொற்காசு போட்டாராம், அது நெருப்புக்குப் பக்கத்தில் காயப்போட்டிருந்த காலுறைக்குள் விழுந்ததாம். சீதனக் கதை! திருநெல்வேலிக்காரிக்கு இதற்கு மேல் யாராவது விளக்க வேண்டுமா? ஸ்டாக்கிங்கின் விரல் நுனியில் ஒரு ஆரஞ்சைப் போட்டு வைப்பதுகூட அந்தப் பொற்காசின் ஞாபகமாகத்தான் என்று சம்பந்தியம்மா சொன்னார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம், சம்பந்தி வீடு ஒஹையோவில். 2022 ஆகஸ்டில் மகள் கல்யாணம், நவம்பர் 24 தேங்க்ஸ்கிவிங் (அமெரிக்கர்கள் குடும்பமாகக் கூடும் நன்றி நாள்) விருந்துக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். மறுநாள் காலையில் சம்பந்தியம்மா பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கி, ஃபயர்பிளேஸுக்கு மேலே உள்ள மரப்பலகையில் ஒவ்வொன்றாக மாட்ட ஆரம்பித்தார். எல்லாம் அவருடைய அம்மா கையால் தைத்தவை. புசில்லா என்று ஒரு கம்பெனி அச்சடித்த ஃபெல்ட் துணி (நெய்யாமல் அமுக்கிச் செய்த தடித்த துணி), நூல், சமிக்கி எல்லாம் சேர்த்து ஒரே பாக்கெட்டாக விற்கும், அதை வாங்கிக் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து தைப்பார்களாம். 18 அங்குலம் ஒவ்வொன்றும். பனிமனிதனுக்குப் பொத்தான், ரயில்வண்டிக்குச் சக்கரம், அதில் சமிக்கி, மேலே பெயர். அந்தப் பாட்டிக்கு இப்போது கைவிரல் மடங்குவதில்லை.

ஏழு மாட்டியாயிற்று. எட்டாவது அவர்கள் வீட்டு நாய்க்கு. எலும்புத்துண்டு படம் போட்டு, பிஸ்கட் என்று முழுப்பெயரும் தைத்திருந்தது. ஒன்பதாவதாகக் கடையில் வாங்கிய சிவப்பு ஸ்டாக்கிங் ஒன்று, வெள்ளை ரோமப் பட்டை, அதில் ஒரே ஒரு எழுத்து: ஜே.

அது என் மகள். ஜெபமலர்.

சம்பந்தியைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அருமையான மனுஷி, என்னைவிட என் மகளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். பாட்டிக்கு முடியவில்லை, கடையில் முழுப்பெயர் கிடைக்கவில்லை, நாய் அந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம், என் மகள் வந்து மூன்று மாதம். எல்லாம் புரிகிறது. ஆனாலும் நாய்க்குப் பெயரும் என் பிள்ளைக்கு எழுத்துமாக வரிசையில் தொங்குவதைப் பார்த்தபோது தொண்டையில் என்னவோ அடைத்தது, காபி கொண்டு வருகிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டேன். பெற்றவர்களுக்குப் புரியும், மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ராத்திரியே ஒன்பது பேருக்கும் நானே தைக்கப் போகிறேன் என்று மகளிடம் சொன்னேன். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத் தேவாலயத்தின் நிழலில் வளர்ந்தவள், எனக்கா ஊசி பிடிக்கத் தெரியாது? அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா, அந்தப் பாட்டி தைச்சதை எடுத்துட்டு உங்களோடதை மாட்டச் சொல்வீங்களா?"

வாயை மூடிக்கொண்டேன். அதனால்தான் முதல் வரியில் அப்படி எழுதினேன். ஒரு வீட்டில் ஏற்கெனவே பெயர் போட்டது தொங்கினால் அந்த ஆளுக்கு நீங்கள் தைக்காதீர்கள், எவ்வளவு அழகாகத் தைத்தாலும் அது போட்டிக்கு நிற்பதுபோல் ஆகிவிடும். யாருக்கு இல்லையோ அவர்களுக்குத் தையுங்கள். நான் மகளுக்கு ஒன்றும், எங்கள் தமிழ் ஜெபக்குழுவில் அந்த வருஷம் ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த இரண்டு குடும்பத்துக்கு ஏழுமாக எட்டு தைத்தேன்.

இனி தையல். பிளவுஸ் தைக்கத் தெரிந்தவருக்கு இது ஒன்றுமே இல்லை, லைனிங் வைத்த பிளவுஸில் பாதி வேலைகூடக் கிடையாது. செய்தித்தாளில் ஒரு காலுறை வரைந்துகொள்ளுங்கள், நீளம் 18 அங்குலத்துக்கு மிகாமல், வாய் அகலம் ஏழரையாவது இருக்கட்டும், குறுகினால் கை உள்ளே போகாது. 44 அங்குல அகலமுள்ள பருத்தித் துணியில் ஒரு ஸ்டாக்கிங்குக்கு அரை யார்டு, உள்துணிக்கு இன்னொரு அரை யார்டு தாராளம். துணியை நல்ல பக்கம் உள்ளே வருமாறு இரண்டாக மடித்து ஒரே வெட்டாக வெட்டுங்கள். தனித்தனியாக வெட்டினால் இரண்டு இடது கால் வந்துவிடும், பிரிண்ட் துணியில் அதற்கு மருந்தே கிடையாது. தைத்ததும் கணுக்கால் வளைவில், கைக்குழிக்குக் கொடுப்போமே அதேபோல், தையல் வரை போகாமல் குட்டிக் குட்டி வெட்டுக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் திருப்பியதும் கால் வீங்கின மாதிரி நிற்கும். உள்துணியை ஒரு நூல் அளவு (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடுதலாக உள்ளே தள்ளித் தைத்தால்தான் உள்ளே சுருண்டு கிடக்காது. மாட்டும் காதைக் குதிகால் பக்கத்துத் தையலுக்குள் செருகி மூன்று தடவை முன்னும் பின்னும் ஓட்டுங்கள், ஆரஞ்சு, சாக்லேட், பொம்மை என்று போட்டால் நல்ல கனம் கனக்கும்.

அவர்கள் வீட்டு வரிசையின் போட்டோ ஒன்று வாங்கி, விரல் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். எல்லாம் வலப்பக்கம் பார்த்து நடக்கும்போது உங்களுடையது மட்டும் கோபித்துக்கொண்டு திரும்பிப் போவதுபோல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

பெயர்தான் உயிர். நான் தமிழில் போட்டேன். எழுத்துகளை ஃபெல்ட்டில் வெட்டி ஒட்டி, ஓரத்தை ஜிக்ஜாக்கில் நெருக்கமாக அடிப்பது என் முறை. ஃபெல்ட் நூல் பிரியாது, மடிக்க வேண்டாம். இதற்கு இரண்டு பக்கமும் ஒட்டும் ஒரு தாள் கிடைக்கும், அதன் காகிதப் பக்கத்தில் எழுத்தை வரைந்து, ஃபெல்ட்டின் பின்பக்கம் வைத்து அயர்ன் பண்ணி, வெட்டி, காகிதத்தை உரித்துத் துணியில் மறுபடி அயர்ன் பண்ண வேண்டும். மலிவான ஃபெல்ட் பெரும்பாலும் அக்ரிலிக்கோ பாலியஸ்டரோதான், சூடு அதிகமானால் சுருங்கி இஸ்திரிப்பெட்டியில் இழுத்துக்கொள்ளும், மேலே ஒரு கைக்குட்டையைப் போட்டு லேசாக அழுத்துங்கள்.

நான் செய்த கூத்தைக் கேளுங்கள். ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஜெபமலர் என்று அழகாக, நிறுத்தி நிதானமாக வரைந்து, ஒட்டி, வெட்டித் திருப்பினால் எல்லா எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி நிற்கிறது. பின்பக்கத்தில் வரைகிறோம், அதனால் எழுத்தைத் திருப்பித்தான் வரைய வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஜெ, ம, ல, ர் எல்லாம் வீண். 'ப' மட்டும் தப்பித்தது. அதை இடவலமாகத் திருப்பினாலும் ப தான். அந்த ஒரு எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து சிரித்தேன், வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இரண்டாவது கூத்து மேல்பட்டையில். பட்டை வெளியே மடிந்து விழும் என்பதால் பெயரைத் தைக்கும்போது எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று குழம்பும். ஒரு பிள்ளையின் பெயர் மடித்த பிறகு சிரசாசனம் செய்தது, பிரித்துத் தைத்தேன். துணியைத் தொடும் முன்னால் ஒரு காகிதத்தில் பட்டையை மடித்து, மேலே பேனாவால் பெயர் எழுதி, பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் புள்ளி. தமிழ்ப் பெயருக்கு இதுதான் தலைவலி. ஃபெல்ட்டில் அவ்வளவு சின்ன வட்டம் வெட்டினால் தும்மினாலே பறந்துவிடும். சட்டைப் பொத்தான் வைத்தேன். வீட்டுக்காரரின் பழைய வெள்ளைச் சட்டையிலிருந்து கழற்றியது, ர் மேலே ஒன்று. நான்கு துளையோடு அது அங்கே உட்கார்ந்திருந்த அழகு இருக்கிறதே, வேண்டுமென்றே யோசித்தாலும் எனக்கு அது வந்திருக்காது.

(இங்கே வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே, தன்னுடையது எது என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். குதிகாலுக்கு ஆளுக்கொரு நிறம் வைத்தேன். அதோடு, பெயரைக் கேட்டு எழுதும்போது சர்டிபிகேட் பெயரை வாங்காதீர்கள், வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.)

இந்த எழுத்தோரம் அடிக்கும்போதுதான் அம்மாவின் மெஷின் ஞாபகம் வந்து பாடாய்ப் படுத்தியது. காலால் மிதிக்கும் பழைய மெஷின், கறுப்பு உடம்பில் தங்கப் பூ. ல, ஜ மாதிரி சுழி வரும் இடத்தில் கரண்டு மெஷின் ஓடிவிடும், கால் மெஷினில் சக்கரத்தைக் கையால் பிடித்து ஒவ்வொரு தையலாகப் போடலாம். டிசம்பர் வந்தால் சபைப் பிள்ளைகளின் நாடகத்துக்குத் தேவதூதர் அங்கி முழுக்க அதில்தான் தைப்பாள், வெள்ளை மல் துணி வீடெல்லாம் கிடக்கும், நாங்கள் அதன் மேலேயே தூங்குவோம். அம்மா போனபின் 2019-ல் வீட்டை விற்றார்கள். மெஷின் மட்டும் எனக்கு வேண்டும், அனுப்ப எவ்வளவு ஆனாலும் நான் தருகிறேன் என்று போனில் சொன்னேன், சரி என்றார்கள். பழைய இரும்புக்காரருக்கு 800 ரூபாய்க்குப் போட்டுவிட்டார் என் அண்ணன். "அது ஓடாதும்மா, பெல்ட் அறுந்து கிடந்துச்சு" என்கிறார். பெல்ட் என்ன விலை? தோல் பெல்ட், எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். சொத்தில் நான் ஒரு பைசா கேட்கவில்லை, கையெழுத்துக் கேட்ட இடத்திலெல்லாம் போட்டுக் கொடுத்தேன், கேட்டது அது ஒன்றுதான். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அண்ணன் இந்தத் தளத்துக்கு வருவதில்லை, வந்தாலும் பரவாயில்லை.

சரி. செலவு கேட்டிருந்தீர்கள். எட்டுக்கும் துணி, ஃபெல்ட், ஒட்டுத்தாள், நூல் எல்லாம் சேர்த்து எனக்கு 110 டாலர் ஆனது. கடையில் இதைவிட மலிவாக வாங்கலாம், சந்தேகமே இல்லை. மெஷின் எம்பிராய்டரியில் பெயர் போட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், வேலை சுத்தமாகவே இருக்கும். பணம் மிச்சம் பிடிக்கத் தைப்பதாக இருந்தால் தைக்காதீர்கள். நாள் கணக்குச் சொன்னால், முதல் ஒன்றுக்கு நான்கு ராத்திரி, கடைசி ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம். தேங்க்ஸ்கிவிங் முடிந்து ஆரம்பித்ததால் டிசம்பர் 23 ராத்திரி வரை இழுத்தது. ஊர் டெய்லர்கள் டிசம்பர் பத்துக்கு மேல் துணி வாங்க மாட்டேன் என்று விரட்டுவார்களே, அவர்களை எவ்வளவு திட்டியிருப்பேன்! நீங்கள் அக்டோபரிலேயே துணியை வெட்டி வைத்துவிடுங்கள்.

மகளுடையதை அவளே கொண்டுபோய் மாட்டினாள். ஜே போட்டதை எடுத்துவிட்டார்களா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சம்பந்தியம்மா போனில் அந்தப் பொத்தான் எதற்கு, அழகுக்கா என்று கேட்டார். அது இல்லாவிட்டால் ஜெபமலர என்று ஆகிவிடும், பெயர் முடியாமல் நிற்கும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன மாதம் அவரே கூப்பிட்டார். பரணில் எலி புகுந்து நாயின் ஸ்டாக்கிங்கைக் கடித்துவிட்டதாம், பாட்டியால் இனி முடியாது, நீங்கள் தைத்துத் தர முடியுமா, உங்கள் எழுத்திலேயே இருக்கட்டும் என்றார். பழுப்பு ஃபெல்ட் வாங்கியிருக்கிறேன். ஸ் மேலே ஒன்று, ட் மேலே ஒன்று, இரண்டு பொத்தான் வேண்டும். வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை.